டப்

மோட்டாரின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டி
இருதயராஜ் கொண்டுவந்து இறக்கினான்,
பினாங்கில் மூடிப்போன ஒரு பப்பிலிருந்து
எழுநூறு வெள்ளிக்கு வாங்கிய வால்வு ஆம்ப்ளிஃபயரை.
மழைக்குப் போர்த்தியிருந்தது தேர்தல் பேனர்.
வேட்பாளர் பாதி முகத்தோடு சிரித்தார்.

"சுவிட்ச் கெட்டுப்போச்சு புனிதா.
சோலோவுக்கு முன்னால தட்டுனா
டப்புனு வெடிக்குது.
போன சனிக்கிழமை பாடாங் செராய் மண்டபத்துல
பொண்ணோட சித்தப்பா
ரசத்தைச் சட்டையிலேயே ஊத்திக்கிட்டாரு."

கூலிமில் இரவு ஷிப்ட் முடித்து வந்து
நான் இன்னும் பசியாறவில்லை.
சரி, வை, என்றேன்.

சுவிட்ச்தான் என்று நானும் நம்பினேன்.
மருந்தடித்து, ஐம்பது தரம்
மேலும் கீழும் தட்டினேன்.
டப்.
ஆ லியோங் கடையில் நாலு வெள்ளிக்குப் புதுசு வாங்கிப்
பற்றவைத்துத் தட்டினேன்.
டப்.
புதுசல்லவா, இன்னும் தெளிவாக.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும்
முந்நூற்று இருபது வோல்ட் உள்ளேயே இருக்கும்,
வாசல்வரை வந்தும் விடைபெறாத விருந்தாளி மாதிரி.
அதைக் கசியவிட்டு, மீட்டர் சுழியைத் தொடும்வரை
கோப்பி குடித்தேன்.
கம்பிகளுக்கு நடுவே ஒரு எறும்புக் கூடு,
வால்வுச் சூட்டில் குடும்பம் நடத்தியிருக்கிறது.
துடைக்கும்போது மன்னிப்புக் கேட்டேனா, நினைவில்லை.

மறுபடி மின்சாரம்.
இடது கை பைக்குள்.
யாரும் சொல்லித் தந்ததல்ல,
ஒருமுறை வாங்கிய அடி சொன்னது.

முதல் வால்வின் கத்தோடில் ஒன்றரை வோல்ட்.
டார்ச்சுக்குப் போடும் ஒற்றை பேட்டரி, அவ்வளவுதான்.
அங்கிருந்து ஒரு கெப்பாசிட்டர்.
ஒரு கால் கத்தோடில்,
மறு கால் சுவிட்ச்சில்.
மூடினால் தரை.
திறந்தால்
எங்குமில்லை.

அந்த அந்தரத்துக் காலில் மீட்டர் முனையை வைத்தபடி தட்டினேன்.
டப் இல்லை.
ஒரு சின்ன 'டு'.
முனையை எடுத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துத் தட்டினேன்.
டப்.

அப்போதுதான் உறைத்தது.
மீட்டருக்குள் இருக்கும் பெரிய தடை வழியே
அது தரையைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறது.
விட்டால் தொங்குகிறது,
தொங்கத் தொங்க ஒன்றரை வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது,
மூடிய நொடியில் மொத்தமாக விழுகிறது.
விழுவது சின்னதுதான்.
மூன்றாம் லயத்தில் ஒருத்தி தும்மினால்
ஆலை வாசலுக்குப் போவதற்குள் சாவாகிவிடுமே,
அப்படி வால்வுக்கு வால்வு கைமாறி
ஸ்பீக்கரில் சித்தப்பாவின் சட்டையாகிவிடுகிறது.

சுவிட்ச் எதையும் செய்யவில்லை.
நடந்ததைச் சத்தமாகச் சொன்னது, அவ்வளவே.

பழுப்பு, கறுப்பு, பச்சை.
பத்து லட்சம் ஓம், பத்துக் காசு.
சுவிட்ச்சின் இரண்டு காதுக்கும் குறுக்கே வைத்துப் பற்றினேன்,
சாத்திய கதவுக்குக் கீழே
ஒரு கோடு இடைவெளி விடுவதுபோல.

சாயங்காலம் வந்தான்.
தட்டினான்.
ஒன்றுமில்லை.
"வேலை செய்யுதா?"
வாசித்துப் பார், என்றேன்.
தந்தி தடித்துக் கொழுத்துப் பாடியது.
நிறுத்தித் தட்டினான். மறுபடி தட்டினான்.
முகம் மலரவில்லை.

"அந்தச் சத்தம் கேட்டாத்தான்
சாப்பாட்ட விட்டுட்டு மேடையைப் பாப்பாங்க.
அந்த நேரம் பாத்து நான் எடுப்பேன்..."
முடிக்கவில்லை.

நான் கட்டரை எடுத்து நீட்டினேன்.
"ஒரு கால்தான். வெட்டிடவா?"

செம்பனைக் குலை லாரி ஒன்று
வீட்டை உலுக்கிக்கொண்டு போய் முடியும்வரை
யோசித்தான்.

"இந்தச் சனிக்கிழமை முடியட்டும்" என்றான்.