ஐந்து வரிக்கு மிகாமல்

பத்தே காலுக்குக் கோப்பு வந்தது.
முன்னாள் உறுப்பினர் வி. கன்னியப்பன் மறைவு.
அவை கூடுமுன் இரங்கல் குறிப்பு தேவை,
கன்னடத்தில், ஐந்து வரிக்கு மிகாமல்.

விதான சௌதாவின் தரைத்தளத்தில்
இதே மேசையில் பத்தொன்பது வருஷமாக
செத்தவர்களைச் சுருக்கிக்கொண்டிருக்கிறேன்.
கை தானாக ஓடும்:
பிறப்பு, படிப்பு, தொகுதி, குழுக்கள், பொழுதுபோக்கு.

பிறந்தது ஸ்ரீராமபுரம்.
படித்தது எட்டாவது.
மிச்சத்தை மில் சங்கு படிக்கவைத்தது என்பார்.
அதையெல்லாம் போட முடியாது.

முதல் தடவை ஜெயித்து வந்தபோது
உறுதிமொழியைக் கல்யாணப் பத்திரிகையின் முதுகில்
தமிழ் எழுத்தில் எழுதிக் கொண்டுவந்தார்.
நமக்கு ஒரு க. அவர்களுக்கு நாலு.
ஒவ்வொரு க தலையிலும்
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று
பென்சிலால் நம்பர் போட்டுக் கொடுத்தது நான்தான்,
அப்போது வாசலில் பாஸ் எழுதிக்கொண்டிருந்தேன்.
பதற்றத்தில் ஓரிடத்தில்
"ரெண்டு" என்று நம்பரையும் சேர்த்துப் படித்துவிட்டார்.
பதிவேட்டில் இன்றும் இருக்கிறது,
அடைப்புக்குறிக்குள்: சிரிப்பு.

இரண்டு முறை உறுப்பினர்.
பத்து வருஷத்தில் அறுபத்து மூன்று கேள்விகள்.
அதில் பதினெட்டு ஒரே கேள்வி:
ரயில் பாலத்தடிப் பள்ளத்தில்
மழைத் தண்ணீர் எப்போது வடியும்?
பதிலும் ஒன்றே. பரிசீலனையில் இருக்கிறது.
கன்னடத்திலும் கிட்டத்தட்ட அதே சொல்தான்,
மொழிபெயர்க்க வேலையே இல்லை.

அரசு ஆட்டம் கண்ட வருஷம்
தேவனஹள்ளி ரோட்டில் ஒரு ரிசார்ட்டில்
முப்பத்தெட்டுப் பேரை ஒன்பது நாள் வைத்திருந்தார்கள்.
செல்போனை வாங்கிக்கொண்டு
நீச்சல் ஜட்டி கொடுத்தார்கள்.
ஆறாம் நாள் ராத்திரி மழை.
டிவியில் பாலத்தடி.
கூரை மட்டும் தெரிகிற ஓர் ஆட்டோ,
அதன் முதுகில், கயிறு கட்டி இழுக்க இழுக்க,
தண்ணீருக்கு மேலே வந்தது
இவருடைய ஸ்டிக்கர், கைகூப்பி.
ஓட்டியவன் ஜெயசீலன்.
இரண்டு தேர்தலுக்கும் பசை காய்ச்சியவன்.

கேட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்டாரா?
கேட்டதாக அவர் சொன்னதில்லை.
நானும் கேட்டதில்லை.

அடுத்த கூட்டத்தொடரில் பதினெட்டாவது தடவை.
அதே கேள்வி. பரிசீலனை.
உபகேள்வி உண்டா என்றார் சபாநாயகர்.
நேற்றுத் தொகுதியை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன்.
அந்த இடத்தில் ஒன்றுமில்லை.
அடைப்புக்குறிகூட இல்லை.

அப்புறம் கட்சி சீட்டு தரவில்லை.
சுயேச்சையாக நின்றார், கட்டில் சின்னம்.
"போய்ப் படுத்துக்கோ" என்று சுவரெல்லாம் எழுதினார்கள்.
டெபாசிட் போனது.
அவருக்கு ஒதுக்கிய வீட்டுமனையை விற்று
ஜெயசீலன் பெண்டாட்டிக்குக் கொடுத்தார் என்பார்கள்.
மகளுக்கு நகை போட்டார் என்பார்கள்.
இரண்டும் நடந்திருக்கலாம். மனை பெரியது.

மாதம் ஒரு தடவை வருவார்,
முன்னாள்களுக்கான ரயில் கூப்பனுக்கு.
ஜோலார்பேட்டை வரை போவார்,
பிளாட்பாரத்தில் டீ குடிப்பார்,
அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார்.
அங்கே யார் இருக்கிறார்கள் என்றேன் ஒரு நாள்.
"யாரும் இல்லப்பா. அதான்."

பொழுதுபோக்கு என்ற இடத்தில்
ரயில் பயணம் என்று எழுதினேன்.
குழுக்களில் நூலகக் குழு ஒன்றுதான்.
மற்றதெல்லாம் நாலு வரியில் அடங்கிவிட்டது.

பதினொன்றுக்கு எல்லோரும் எழுந்து நிற்பார்கள்.
மேலே கொண்டுபோகுமுன்
ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது வழக்கம்.
கன்னியப்பன் பெயரின் க, முதல் க.
நம்பர் வேண்டாத க.
ஆனாலும் பென்சிலை எடுத்து
அதன் தலையில் சின்னதாக
ஒன்று போட்டேன்.
பிறகு அழித்தேன்.
காகிதத்தில் கொஞ்சம் அழுக்கு ஒட்டிக்கொண்டது.