உப்புக் கோடு

தை அமாவாசைக்கு முந்தின ராத்திரி
பட்டணம்காத்தான் பக்கம் புறவழிச்சாலையில்
எனக்குக் கொடுத்தது
ஒரு விசில், ஒரு சிவப்புக் கைவிளக்கு,
நாலு தடுப்பு. அதில் ஒன்றுக்குக் கால் ஒடிந்திருந்தது.

மூன்று மணிக்கெல்லாம் நின்றுவிட்டது.
ராமேசுவரம் போகிற பஸ்களில்
கண்ணாடியோடு கன்னம் ஒட்டித் தூங்கும் முகங்கள்.
எதிரே மண்டபத்து மீன்வண்டிகள்,
ஐஸ் தண்ணீர் தார்மேல் சொட்டச் சொட்ட.
நடுவில் கரிமூட்டை ஏற்றிய டெம்போ
திரும்பவும் முடியாமல் போகவும் முடியாமல்,
தொண்டையில் முள் மாதிரி.
மிச்சமிருந்த இடைவெளியில் எல்லாம் பைக்.

கித்தேரியம்மாள் வேனிலிருந்து இறங்கி வந்தாள்:
"பாறை மீனுக்கு அமாவாசை தெரியுமா மகளே?"
வயர்லெஸ்ஸில் இன்ஸ்பெக்டர்:
"கிளியர் பண்ணும்மா, கிளியர் பண்ணு."
எதை எடுத்து எங்கே வைக்க என்று
அவரும் சொல்லவில்லை.

நடந்து பார்த்தேன்.
நடுத்திட்டு இல்லாத முந்நூறு அடி.
அங்கேதான் எல்லாரும் முந்துகிறார்கள்.
முந்தியவர்கள் முட்டுக்கு முட்டு நின்று
ஒருவரை ஒருவர் முறைக்கிறார்கள்.

ஓரத்தில் வாலிநோக்கத்து உப்பு லாரி.
ஓட்டுகிறவர் பெயர் சீனிக்கட்டி.
சிரிக்க நேரமில்லை.
"நாற்பது மூட்டை வேணும் பாய். காலையில திருப்பித் தர்றேன்."
"எழுதிக் குடுங்க."
அபராதச் சீட்டின் பின்பக்கம் எழுதினேன்:
உப்பு, நாற்பது. கையெழுத்து.
அந்தப் புத்தகத்தில் நான் பட்ட முதல் கடன்.

கரி டெம்போவை ஆள் சேர்த்துப் பின்னால் தள்ளினோம்.
மீன்காரர் இருவர், கிளீனர் பையன்,
எந்த ஊரென்று கேட்காத ஒரு வேட்டிக்காரர்
தோள் கொடுத்தார்கள்.
எட்டடிக்கு ஒரு மூட்டை.
மீனை முதலில் விட்டேன்.
சாமி காத்திருக்கும், ஐஸ் காத்திருக்காது.
வேட்டிக்காரர் மட்டும் முகம் சுளித்தார்.

நாலரைக்கு இரண்டு பக்கமும் ஓடியது.
அந்தச் சத்தத்தை நின்று கேட்டேன்,
யாரும் ஹாரன் அடிக்காத சத்தம்.

ஐந்துக்குத் தூறல்.
மூட்டைகள் முதலில் வியர்த்தன, பிறகு இளைத்தன.
இரண்டை ஒரு சுற்றுலா பஸ் ஏறிக் கிழித்தது.
விடிந்தபோது சாக்குகள் சப்பையாகிக் கிடந்தன.
ஆனாலும் சாலையில் வெள்ளையாக ஒரு கோடு,
கோணலாக, என் கையெழுத்து மாதிரி.
ஒரு வண்டியும் அதைத் தாண்டவில்லை.

பத்து மணிக்குச் சீனிக்கட்டி வந்தார், சீட்டோடு.
தூக்கக்கூடியது இருபத்து மூன்று.
"பாக்கி?"
சாலையைக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"ரோடு தின்னுருச்சுன்னு எழுதிக்கிறவா?"
"எழுதிக்கோங்க."

வெயில் ஏறி, கோடு காய்ந்து பளிச்சென்றானபோது
கருவேலங்காட்டிலிருந்து வந்தன
முப்பது வெள்ளாடுகள்.
வரிசையாக நின்று
நிதானமாக
நக்கத் தொடங்கின.

இந்தப் பக்கம் உச்சிப்புளி வரைக்கும் நிற்குதாம்.
அந்தப் பக்கம் கேட்கவே வேண்டாம்.
விசிலைத் துடைத்து வாயில் வைத்தேன்.
உப்புக் கரித்தது.