மூன்றரை லிட்டர்

ரிவர்ஸ் போட்டால் ஒன்று, இரண்டு, மூன்று
எண்ணிய பிறகுதான் வண்டி மனசு வைக்கும்.
போன ஆடியிலிருந்து இப்படி.

சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் முஷீர் கடை.
மீட்டரை எட்டிப் பார்த்தார்:
இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரம்.
"கியர் ஆயில் எப்ப மாத்துனது?"
விற்றவரிடம் நான் கேட்கவில்லை.
அவரும் தனக்கு விற்றவரிடம் கேட்டிருக்க மாட்டார்.

டிப்ஸ்டிக்கை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார்.
நாள் முழுக்க ஆஸ்பத்திரி லேபில்
குழாய் குழாயாய்ச் சிவப்பைத் தூக்கிப் பார்ப்பவள் நான்.
இது சிவப்பாக இருந்திருக்க வேண்டும்.
டிகாக்ஷன். அடிப்பிடித்த வாசனை வேறு.

"மாத்தலாம். ஆனா சொல்லிட்றேன் மேடம்,
தேஞ்ச தூளு அத்தினியும் இதுலதான் கீது.
அந்தத் தூளுதான் இப்ப பிளேட்டைப் புடிச்சினு கீது.
புது ஆயில் ஊத்தனா வழுக்கினாலும் வழுக்கும்."
மாத்தலைன்னா?
"அப்பவும் வழுக்கும். கொஞ்சம் லேட்டா."

மேனுவல் வண்டி வாங்கிடுங்களேன் என்றான்
ஜாக்கியை உருட்டி வந்த பையன்.
கிளட்ச் மிதிக்கிற கால் எனக்கு இல்லை.
அதாவது, இருக்கிறது. மிதிக்காது.
முஷீர் அவனை ஸ்பேனர் எடுத்துவர அனுப்பினார்.
ஸ்பேனர் அவர் கையிலேயே இருந்தது.

மிஷின் வைத்து அலச வேண்டாம், தானாக வருவது வரட்டும் என்று
போல்ட்டைக் கழற்றினார்.
கம்பியாக இறங்கியது, பிறகு நூலாக, பிறகு சொட்டு.
சொட்டு நிற்க முக்கால் மணி நேரம், கத்திரி வெயிலில்.
ராணிப்பேட்டை போகிற தோல் லாரி ஒன்று
நாற்றத்தை மட்டும் எங்களிடம் இறக்கிவிட்டுப் போனது.

பானின் அடியில் காந்தம். அதன்மேல்
குழைத்த விபூதி போல ஒரு களிம்பு.
"தொட்டுப் பாருங்க, முள்ளு இல்ல. முள்ளு இருந்தா பேச்சே இல்ல."
இரண்டு விரலால் தேய்த்தேன். மை மாதிரி இருந்தது.
சோப்பு போட்டும் ரேகையை விட்டுப் போகவில்லை.

இறங்கியது மூன்றரை லிட்டர். ஏற்றியதும் அதே மூன்றரை.
மீதிப் பழசு கன்வர்ட்டருக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்,
புதுசைக் கெடுத்துக்கொண்டோ, தான் கொஞ்சம் தெளிந்துகொண்டோ.
"ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, இன்னொரு தபா.
அப்பறம் இன்னொரு தபா."

பி, ஆர், என், டி என்று
ஒவ்வொன்றிலும் நிறுத்தி நிறுத்தி லீவரை நகர்த்தச் சொன்னார்.
பையன் பின்னால் நின்று கை காட்டினான்.
ஒன்று.
இரண்டில் நகர்ந்துவிட்டது.

ரோட்டுக்கு வந்த பிறகும்
அந்த மூன்று
வாயில் பாக்கி இருந்தது.