வாய்ப்பூட்டு

அல் கோபர். இரவுப் பணி.
ஏசியில் விரல் மரத்துப்போகிறது,
சன்னலுக்கு வெளியே நள்ளிரவிலும் முப்பத்தெட்டு டிகிரி.

குழாயில் சூசைமாணிக்கத்தின் குடல்துணுக்கு.
ஜுபைலில் வெல்டர். வயது ஐம்பத்தொன்று.

பைசல்ஃபைட்டில் ஊறவைத்தேன்.
வெறுமையாய் இருக்கும் 'சி' எல்லாம் 'டி' ஆகிவிடும்;
மெத்தில் ஒட்டியது மட்டும் மாறாமல் நிற்கும்.
நின்றது.
வரிசையாக, நெருக்கியடித்துக்கொண்டு
நின்றது.

எழுத்தில் ஒரு குறையும் இல்லை.
பிறர் பிழையைத் திருத்துகிற மரபணு அது,
முழுசாக இருக்கிறது, பேசவில்லை.
ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்:
இத்தனூண்டு வாய்ப்பூட்டு.
போட்டது புகையா, வயதா, சும்மாவேதானா,
எந்திரத்துக்குத் தெரியாது.

நேற்று அவரே வந்திருந்தார்,
கையில் டோக்கன், சட்டைப்பையில் இகாமா.
"என்னைய விடுங்கம்மா.
ஊர்ல ரெண்டு பொம்பளப்புள்ள.
எங்கிட்ட இருந்து அதுகளுக்கும் போயிருக்குமா?"
டாக்டரைக் கேளுங்கள் என்றேன்.

பிறப்போடு வந்ததென்றால்
பெரும்பாலும் எழுத்தே கோணியிருக்கும்.
இந்தப் பூட்டு வழியில் விழுந்தது,
இவர் குடலுக்குள், இவருக்கு மட்டும்.
கெட்ட செய்திக்குள்
இப்படியொரு நல்ல செய்தி
மடித்து வைத்திருக்கிறது.

அறிக்கையில் தட்டுகிறேன்:
பரம்பரையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.
'இல்லை' என்று எழுதத்தான் கை போகிறது.
'மிகக் குறைவு' வரைக்கும்தான் அனுமதி.

டாக்டர் ஒன்பதுக்கு வருவார்.
இந்நேரம் அவர் ஜுபைல் பஸ்ஸில்
டோக்கனை மடித்து, பிரித்து, மடித்து
வந்துகொண்டிருப்பார்.
கீழே வரவேற்பறையில் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.
நானும் சிரித்துவிட்டு
லிஃப்ட் பொத்தானை அழுத்துவேன்.