பூசணி போன வழி

ஒமாகாவில் எங்கள் கட்டடம் பதினொரு மாடி.
நான் ஏழாவதில், கிளெய்ம் பிரிவு.
ஜன்னலுக்கு வெளியே மிசூரி ஆறு
வண்டல் நிறத்தில், யாருக்கும் பதில் சொல்லாமல் போகும்.

மார்னி குசேராவை நான் பார்த்ததில்லை.
ஒன்பது இலக்க எண் அவள்.
நார்த் பிளாட்டில் தானியக் கிடங்கொன்றின் கணக்கர்.
கணவன் வேட், டீசல் மெக்கானிக்.
வயது முப்பத்து நான்கு. குறியீடு: கருவுறாமை.

முதல் கடிதத்தை நான்தான் அனுப்பினேன்.
"தங்கள் திட்டத்தில் இச்சிகிச்சை அடங்காது."
வாசகம் ஏற்கெனவே அச்சில் இருந்தது,
பெயரை மட்டும் நிரப்பினேன்.
மூன்று நிமிடம். என் சராசரி நான்கு.

மேல்முறையீட்டைக் கையால் எழுதியிருந்தாள்,
கோடு போட்ட தாளில், நீல மையில்:
"என் மாமனாரின் முழங்காலுக்கு
இரண்டு முறை பணம் தந்தீர்கள். தந்தது சரிதான்.
ஆனால் முழங்கால் மட்டும்தானா உடம்பு?"
மருத்துவத் தேவை அல்ல என்று
அதற்கும் ஓர் அச்சு வாசகம் இருந்தது.

பிறகு நடந்ததை
மருத்துவமனைச் சமூகப் பணியாளரின் குறிப்பில் படித்தேன்.
பிக்கப்பை விற்றிருக்கிறார்கள்.
வீட்டின் மேல் இரண்டாவது கடன்.
சேர்ந்தது ஒரு சுழற்சிக்கான பணம்,
ஒரே ஒரு சுழற்சிக்கு.
ஒரு கரு வைப்போம் என்றிருக்கிறார் மருத்துவர்,
தங்காவிட்டால் அடுத்த முறை இன்னொன்று.
"அடுத்த முறை என்பது எங்களிடம் இல்லை"
என்றிருக்கிறாள்.
மூன்று வைத்தார்கள்.

மூன்றும் தங்கின.

இந்த வரியில்
சாண்ட்விச்சைக் கீழே வைத்தேன்.

அக்டோபரில், இருபத்தேழாவது வாரத்தில்
விமான ஆம்புலன்ஸின் பில்லோடு தொடங்கியது.
குழந்தை ஏ, குழந்தை பி, குழந்தை சி.
பெயர் பதியும்வரை எழுத்துதான் பெயர்.
சுவாசக் கருவி மூன்று.
கண்ணாடிப் பெட்டி மூன்று.
குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தால் ஒரு வரி;
ஒரு நாளில் அப்படி நாற்பது வரி.
எல்லாம் அடங்கும். மேலதிகாரி கையெழுத்துகூட வேண்டாம்.
பிறந்துவிட்டால் அடங்கும்.
பிறக்க வைப்பதுதான் அடங்காது.

மறுத்தது பதினோராயிரம் டாலர்.
கிறிஸ்துமஸுக்குள் அனுமதித்தது ஏழு லட்சத்துச் சொச்சம்.
கடுகு போன வழியைத் துருவித் துருவி மறித்தவள்
பூசணி போகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கூட்டத்தில் இதைக் கேட்டேன்.
கருவுறாமையைச் சேர்த்தால்
தவணை ஏறுமே, என்றார் கோர்டன் ப்ரெல்.
எவ்வளவு?
ஆளுக்கு மாதம் ஒரு காபி விலை.
ஆனால் காபியும் காசுதான், நடீன்,
தவிர, பிரசவம் வேறு தலைப்பு, வேறு புத்தகம்.
எல்லோரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம்.
காப்பும் ஈடும் சேர்ந்ததுதான் காப்பீடு.
காக்க வேண்டிய நாளில் புத்தகத்தை மூடிவிட்டு
ஈட்டை மட்டும் எண்ணி எண்ணிக் கொடுக்கிறோம்
என்று சொல்லத் தோன்றியது லிஃப்டில்,
தனியாக இறங்கும்போது.

குழந்தை சி-யின் தாளில்
பத்தொன்பதாம் நாளுக்குப் பிறகு வரிகள் இல்லை.
பக்கம் ஏதோ விடுபட்டதென்று நினைத்து
மருத்துவமனைக்கு ஃபேக்ஸ் அனுப்பினேன்.
பதில் ஒரே சொல்: "விடுபடவில்லை."

பிப்ரவரியில் அதே நீல மை.
ஹாலிஸுக்கும் ஜோடிக்கும் உறுப்பினர் அட்டை கேட்டிருந்தாள்.
ஹாலிஸுக்கு இன்னும் ஆக்சிஜன்,
குழாயோடுதான் வீட்டுக்கு வந்திருக்கிறான்.
கீழே, தேதிக்கும் கையெழுத்துக்கும் நடுவில்:
"மூன்றாவது அட்டை வேண்டாம்.
ஆனால் அவள் குழந்தை சி இல்லை. ஐரீன்.
உங்கள் கோப்பில் அது சரியாக இருக்கட்டும்."

மூடிய கோப்பில் திருத்தம் ஏற்காது என்றது திரை.
நான்காம் மாடிக்குப் போனேன், கணினிக்காரரிடம்.
அவர் ஒன்பதாம் மாடிக்கு அனுப்பினார்.
ஒன்பதில் ஒரு படிவம், அதற்கு இரண்டு கையொப்பம்,
ஒருவர் விடுப்பில், ஒருவர் மதிய உணவில்.
காத்திருந்தேன்.
கீழே ஆற்றில் பனிக்கட்டி உடைந்து
துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருந்தது.

நாலே முக்காலுக்குத் திரை ஏற்றுக்கொண்டது.
ஐந்து எழுத்துகள், ஆங்கிலத்தில்.

அந்த மாதம் என் சராசரி கெட்டது.
கோர்டன் கூப்பிட்டுக் கேட்டார்.
ஒரு பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன் என்றேன்.