பெக்கோ வாளி

ஐம்பத்தெட்டு நாள்
பெரியகல்லாற்று மணல்திட்டில் நிறுத்திக் கிடந்தது என் பெக்கோ.
ஆற்றுவாயை வெட்டு என்று ஒரு கடிதம் கச்சேரியில்.
வெட்டாதே என்ற கடிதமும் அதே கோவையில்.
மழை எந்தக் கையெழுத்துக்கும் காத்திருக்கவில்லை;
மல்லாந்து கிடந்த வாளியை
விளிம்புமட்டும் நிரப்பிவிட்டுப் போனது.

ஒன்பதாம் நாள் விடிய,
வாளிக்கு நேர்மேலே, எண்ணெய்க் குழாயில்,
ஒரு கைப்பிடி வெள்ளை நுரை.
பல் தீட்டித் துப்ப வேற இடமில்லையாடா என்று
உதவிக்கு நின்ற லோஜிதனை ஏசினேன்.
உயர்தரத்தில் உயிரியலை இரண்டு தரம் எழுதி
இரண்டு தரமும் விட்டவன் அவன்.
கிட்டப் போய்ப் பார்த்தான். தொடவில்லை.
"அண்ணே, இது மரத்தவளைட கூடு."

நாங்கள் குறட்டை விட்ட இரவில்
ஒருத்தி தன் ஈரத்தையே
பின்னங்கால்களால் அடித்து அடித்து நுரையாக்கி
உள்ளே முட்டைகளைப் பொதிந்துவிட்டுப் போயிருக்கிறாள்.
வெயிலில் நுரையின் மேல்தோல் பப்படமாய்க் காய்ந்தது.
நாலாம் நாள் அந்தியில் சொட்டுச் சத்தம்.
எண்ணெய் ஒழுகுது என்றுதான் குனிந்தேன்.
சொட்டுக்கொரு வால்.

மூக்கு நுனியில் வெள்ளிப் பொட்டு.
துருவில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்று
கறுத்துக் கொழுத்தன.
பின்னங்கால் முளைத்த அன்று
லோஜிதன் எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தான்.
"ஈரூடகவாழி" என்றான், நாக்குத் தடுக்காமல்.
பரீட்சையில் வராத சொல்
மணல்திட்டில் வந்தது.

தை பிறக்க நாலு நாள் இருக்க,
இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசி.
போரதீவு வட்டையில் குடலைப் பயிர்
கழுத்துமட்டும் தண்ணீரில்.
வெட்டுங்க, இப்பவே வெட்டுங்க.
தோணிக்காரர் கரையில் வந்து நின்றார்கள்;
இறால் இன்னும் விரலளவுதான் என்று
யாருக்கோ சொன்னார்கள்.
நான் சாவியைத் திருகினேன்.

"நில்லுங்கண்ணே."
லோஜிதன் தயிர்ச்சட்டியோடு வாளிக்குள் இறங்கினான்.
கடல் தண்ணி படக்கூடாதாம்.
அதுகளின் தோல் கதவில்லாத வாசலாம்;
வளர்ந்த தவளையும் வாயால் குடிக்காதாம்,
வயிற்றுத் தோலால் குடிக்குமாம்.
உப்பு வந்தால் அதே வாசலால்
உள்ளே இருக்கிற தண்ணீரெல்லாம் வெளியேறிவிடுமாம்.
டோர்ச் வெளிச்சத்தில் எண்பத்தொன்று வரை எண்ணினான்.
பிறகு டோர்ச்சை அணைத்துவிட்டு,
"சரி, சரியுங்க" என்றான்.
மிச்சம் எத்தனை என்று நானும் கேட்கவில்லை.

வெட்டினேன்.
நாலு மீற்றர்தான் நான் வெட்டியது.
விடியும்போது ஆறு தன் வாயைத் தானே
முப்பது மீற்றராய்க் கிழித்திருந்தது.
மண்ணிறத் தண்ணீர், வேலித்தடி, ஒரு செருப்பு, ஆற்றுவாழை,
எல்லாம் கடலுக்கு.

குறிப்பேட்டில் எழுதினேன்:
ஓட்டம் ஆறரை மணி. டீசல் எண்பது லீற்றர்.
மற்றதுக்கு அதில் நிரல் இல்லை.

சட்டியின் விளிம்பில்
நாலு காலும் ஒரு வாலுமாய் ஒன்று ஏறி இருந்தது.
சோற்றுப் பருக்கை போட்டேன். திரும்பியும் பார்க்கவில்லை.
பழைய வாய் உதிர்ந்துபோச்சு,
புது வாய் இன்னும் பிளந்து முடியல்ல,
அதுவரைக்கும் வால் கரைந்துதான் அதுக்குச் சாப்பாடு
என்றான் லோஜிதன்.

களுவாஞ்சிகுடியில் ஒரு நல்ல தண்ணிக் குட்டை அவனுக்குத் தெரியும்.
சட்டியை மடியில் வைத்து, சாக்கால் மூடி,
"பள்ளம் பார்த்து எடுங்கண்ணே" என்றான்.
வெள்ளம் அரித்த ஒழுங்கை முழுக்கப் பள்ளம்.
முதலாம் கியரில் எடுத்தேன்.
பின்னால் ஒரு பஸ்
ஹோர்ன் அடித்துக்கொண்டே வந்தது.