புறப்புண்

மேடிசன் நகரில், சட்டமன்ற நூலகத்தின் நிலவறையில்,
எலி கடித்த ஓரமுள்ள அவைக்குறிப்பு ஒன்றில்
ஒரே வரியாகக் கிடந்தான் அவன்:
"திரு. ஸ்டென்ஸ்ருட் பேசினார்."

என்ன பேசினார் என்று இல்லை.
அடுத்த வரி நாய்வரி பற்றியது.

ஹால்வர் ஸ்டென்ஸ்ருட்.
நார்வேக்காரன். விஸ்கான்சினில் நாற்பது ஏக்கர்,
பாதி சதுப்பு, மீதி கல்.
உள்நாட்டுப் போரில் மூன்றாண்டு.
டென்னஸியில் பெயர் தெரியாத ஓடைக்கரையில்
இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு குண்டு,
பின்னாலிருந்து.

என் மொழியில் அதற்குத் தனிச்சொல்லே உண்டு.
மார்பில் பட்டால் விழுப்புண்; பாட்டுண்டு, கல்லுண்டு.
முதுகில் பட்டால்
பெற்றவளும் முகம் திருப்புவாள்.
ஈராயிரம் ஆண்டாக நாங்கள் கூசிய சொல்லை
அந்த ஊர் ஒரே தேர்தலில் கண்டுபிடித்துவிட்டது.
மாவு மில் சுவரில் கரியால் எழுதினார்கள்:
"குண்டு எந்தப் பக்கம், ஹால்வர்?"

எழுபத்தேழு, அக்டோபர் கடைசி.
மில் வாசலில் கூட்டம்.
கோட்டைக் கழற்றினான். சட்டையையும்.
கடைசி ஆள் பார்த்து முடிக்கும்வரை
குளிரில் முதுகு காட்டி நின்றான்.
"ஓடினேன்," என்றான். "நன்றாகவே ஓடினேன்.
ஓடாதவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள்,
அவர்களிடம் ஓட்டுக் கேட்க வழியில்லை.
உங்களிடம் கேட்கிறேன்.
ஆற்றுக்கு ஒரு பாலம் வேண்டும்."

பதினோரு ஓட்டில் ஜெயித்தான்.

பாலம் வந்தது.
வேலியோர முட்செடியை அவரவரே வெட்டும் சட்டம் வந்தது;
அதற்காக அவனைத் திட்டாத விவசாயி இல்லை.
வராதது மூன்றாவது மசோதா:
படையைவிட்டு ஓடியவர் என்று பட்டியலில் ஏறியவர்களின்
வீட்டுக்கும் குளிர்காலத்தில் விறகுக்குக் காசு.
உள்ளூர்ப் பத்திரிகை கேலியாக எழுதியதால்
அன்று என்ன பேசினான் என்று எனக்குத் தெரியும்.
பெயர்களை வாசித்திருக்கிறான்.
ஆன்டன் ரூட். தாடியஸ் மெக்கஸ்கர்.
சமையல்காரன் ஒருவன், பெயரில் பாதிதான் இருந்தது, அதையும்.
பதினான்காவது பெயரில் சபாநாயகர் சுத்தியலைத் தட்ட,
பதினைந்தாவதையும் வாசித்துவிட்டு உட்கார்ந்தான்.

ஆதரவு பத்தொன்பது. எதிர்ப்பு அறுபத்தெட்டு.
அடுத்த ஆண்டு மறுபடி. பதினேழு.
அதற்கும் அடுத்து, ஒன்பது.
நாலாம் முறை மசோதாவை விட்டுவிட்டு
அவனையே தோற்கடித்தார்கள்.

போன மார்ச்சில் அந்த ஊருக்குப் போனேன்.
பாலம் இப்போது கான்கிரீட், வேறு யார் பெயரிலோ.
சதுக்கத்தில் போர்வீரர் கல், நாற்பத்திரண்டு பெயர்.
நடுகல்தான், எனக்குப் பழகிய வகை.
அவன் பெயர் அதில் இல்லை.
வேண்டாமென்று அவனே எழுதிக் கொடுத்தானாம்,
பெட்ரோல் பங்கில் காபி ஊற்றிய பெண் சொன்னாள்,
சரியாகத் தெரியாது என்றும் சொன்னாள்.

தேவாலயத்தின் வடக்கே கல்லறை.
முன்பக்கம் பெயர், இரண்டு ஆண்டு,
"குன்ஹில்டின் கணவர்."
பழக்க தோஷம்,
பின்பக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தேன்.
ஒன்றும் எழுதவில்லை.
வெயில் அந்தப் பக்கம்தான் விழுந்தது.
பனி உருகி வழிந்துகொண்டிருந்தது.